மணல், பனி, சதுப்பு, மருந்து: உடலை நிலைக்க வைக்க எந்த வழி?

மனித உடல் ஒன்றை நூறு ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்றால், அதற்கான வழிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். யாரும் கேட்காமலே பாலைவனமும் பனிமலையும் செய்து காட்டியவை சில. பூசாரிகளும் மருத்துவர்களும் மெனக்கெட்டுக் கண்டுபிடித்தவை சில. தன் உடலைத் தானம் தர நினைப்பவர், தோண்டும்போது கிடைத்த பழைய உடலை வைத்துக்கொண்டு விழிக்கும் அருங்காட்சியகம், தலைவரின் உடலை மக்கள் பார்வைக்கு வைக்க விரும்பும் அரசு என்று பலர் இந்தத் தேர்வைச் சந்திக்கிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் உடலில் ஏதோ ஒன்று தப்பும், வேறொன்று போகும். எது தப்ப வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யாதவர்கள்தான் இதில் அதிகம் இழந்திருக்கிறார்கள். அதனால் முகம், எலும்பு, உள்ளுறுப்பு, மரபணு, பராமரிப்பு ஆகியவற்றை வைத்தே இந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதலில் உடல் ஏன் கெடுகிறது என்று பார்த்துவிடலாம். உயிர் பிரிந்ததும் செல்களுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்களையே கரைக்கத் தொடங்குகின்றன. அதுவரை குடலுக்குள் அடங்கியிருந்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைத் தாண்டிப் பரவுகின்றன. அடிவயிற்றின் வலப்பக்கம் முதலில் பச்சை நிறமாவது இதனால்தான். இந்த இரண்டு வேலைக்கும் தண்ணீர் வேண்டும், ஓரளவு வெப்பமும் வேண்டும். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை வேகமாக வெளியேற்றினாலோ, உறைய வைத்தாலோ, பாக்டீரியா பிழைக்க முடியாதபடி சுற்றுப்புறத்தை மாற்றினாலோ சிதைவு நின்றுவிடும். உலகத்தின் எல்லா மம்மிகளும் இந்த மூன்றில் ஒன்றாலோ, ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் கூட்டாலோ உருவானவைதான்.

உலர்த்துதல்

மிகப் பழைய, மிக எளிய வழி இது. எகிப்தின் கெபலைன் என்ற இடத்தில் கிடைத்த ஓர் இளைஞனின் உடல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் கி.மு. 3400ஐ ஒட்டி இறந்தவன். எந்த மருந்தும் பூசாமல் ஆழமில்லாத குழியில் குறுக்கி வைத்து, சூடான மணலால் மூடியிருக்கிறார்கள். மணல் உடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. தோலும் தலைமுடியும் இன்றும் அப்படியே இருக்கின்றன. 2012ல் உடலை சி.டி. ஸ்கேன் செய்தபோது, இடது தோள்பட்டைக்குப் பின்னால் கத்திக்குத்துக் காயம் தெரிந்தது. உள்ளுறுப்புகளை யாரும் அகற்றவில்லை, எலும்பும் கெடவில்லை. ஐயாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கொலையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு மணல் காப்பாற்றி வைத்திருக்கிறது. செலவே இல்லாத இந்த வழியைப் பிற்காலத்தின் பல ஆடம்பர முறைகளால் எட்ட முடியவில்லை.

எகிப்தியர் கல்லறைகளைப் பெரிதாகக் கட்டி, உடலைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. மணல் தொடாத உடல் அழுகியது. மணல் செய்த வேலையைக் கையால் செய்ய வேண்டிய நிலை வந்தபோது அவர்கள் நம்பியது நேட்ரான் என்ற உப்பை. வாடி நாட்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகள் வற்றும்போது கிடைக்கும் இந்த உப்பில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் முக்கியமானவை. அது தண்ணீரை இழுக்கும், கொழுப்பைச் சிதைக்கும், காரத்தன்மையால் பாக்டீரியாவையும் தடுக்கும். எழுபது நாள் சடங்கு என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர் மூன்று தரங்களையும் சொல்கிறார். பணக்காரருக்கு மூக்கு வழியாக மூளையை எடுத்து, விலாவின் பக்கம் கீறிக் குடலை அகற்றி, நறுமணப் பொருள்களை நிரப்பித் தைப்பார்கள். நடுத்தரத்துக்குக் கீறல் கிடையாது, எண்ணெய் செலுத்துவதோடு சரி. ஏழைக்குக் குடலைக் கழுவிவிட்டு உப்பில் வைப்பார்கள். மூன்றிலும் பொதுவானது உப்புதான். உடலை உண்மையில் காப்பாற்றியதும் உப்புதான் என்பது என் கருத்து.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1994ல் பாப் பிரையர், ரான் வேட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், தானமாகக் கிடைத்த ஓர் உடலைப் பழைய எகிப்திய முறைப்படியே நேட்ரானில் 35 நாள் புதைத்து வைத்தார்கள். உடல் சுருங்கிக் கறுத்து, கெடாமல் வெளியே வந்தது. அடிப்படை வேலையை உப்பே முடித்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனாலும் பிசின்களை ஒதுக்கிவிட முடியாது. எகிப்தின் சக்காராவில் 2016ல் கண்டெடுத்த, உடல்களைப் பதப்படுத்திய ஒரு பதனக்கூடத்தில், எந்தப் பானையில் இருப்பதை உடலின் எந்தப் பகுதியில் பூச வேண்டும் என்று பானைமேலேயே எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒட்டியிருந்த மிச்சங்களை ஆராய்ந்து 2023ல் முடிவுகள் வெளியாயின. குங்கிலிய வகைப் பிசின்கள், தேன்மெழுகு, தாவர எண்ணெய்கள், விலங்குக் கொழுப்பு, நிலக்கீல் எல்லாம் அதில் இருந்தன. குங்கிலியம் தரும் மரங்கள் எகிப்தில் வளர்வதே இல்லை. ஆசியாவின் மழைக்காடுகளிலிருந்து அது போயிருக்க வேண்டும். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தடுக்கும் பொருள்கள் எவை என்று அனுபவத்தால் தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். கைத்தேர்ச்சியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

தேர்ச்சி இருந்தும் கைமீறிப் போன கதை எகிப்திய மன்னன் துட்டன்காமுனுடையது. அவனுடைய உடல்மேல் பிசினையும் எண்ணெயையும் வாளி வாளியாகக் கொட்டியிருந்தார்கள். அது இறுகி, உடலைப் பெட்டியோடு ஒட்டவைத்துவிட்டது. 1925ல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் குழு அதைப் பிரித்தபோது தோல் கரிந்து உதிரும் நிலையில் இருந்தது. பெட்டியிலிருந்து எடுப்பதற்காக உடலைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருந்தது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற மம்மி, பதன வேலையின் தரத்தை வைத்துப் பார்த்தால் மோசமானவற்றில் ஒன்று. மன்னனுக்குச் செய்ததைவிடக் கெபலைன் இளைஞனுக்குச் செய்யாமல் விட்டது நன்றாக வேலை செய்திருக்கிறது. எகிப்திய முறையை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு உடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: மூளையை அவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். குடல், கல்லீரல், நுரையீரல், வயிறு நான்கையும் தனியாக ஜாடிகளில் வைத்தார்கள். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டார்கள். உள்ளுறுப்புகள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது பொருந்தாது.

எகிப்துக்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே இந்தக் கலையைத் தொடங்கிவிட்டவர்கள் சின்சோரோ மக்கள். வட சிலியும் தென் பெருவும் சேரும் அட்டகாமா கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். கி.மு. 5000 வாக்கிலேயே அவர்கள் உடல்களைத் திட்டமிட்டுப் பாதுகாத்தார்கள். தோலை உரித்து, சதையையும் உறுப்புகளையும் அகற்றி, எலும்புகளுக்குக் குச்சிகளைக் கட்டி முட்டுக் கொடுத்து, சாம்பல் கலந்த களிமண்ணால் உடலை மறுபடி வனைந்து, மேலே மாங்கனீசுக் கறுப்பு பூசினார்கள். பிற்காலத்தில் கறுப்புக்குப் பதில் செங்காவி வந்தது. முகத்தில் களிமண் முகமூடி. அரசர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. பிறந்து இறந்த குழந்தைகளும் கருவிலேயே கலைந்த சிசுக்களும் அவர்கள் கைகளால் அதே அக்கறையோடு வனையப்பட்டிருக்கிறார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு சிலி ஆய்வாளர் பெர்னார்டோ அரியாசா சொல்லும் விளக்கம் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. அந்தப் பகுதியின் கமரோனெஸ் ஆற்று நீரில் ஆர்செனிக் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 1000 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 மைக்ரோகிராம்தான். இத்தனை நச்சு கலந்த நீரைக் குடித்தால் கருச்சிதைவும் சிசு மரணமும் சாதாரணமாக நடக்கும். அந்தத் துயரம்தான் குழந்தைகளின் உடலைக் காப்பாற்றும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது என்பது அவருடைய கருத்து. முழுவதும் நிரூபிக்க முடியாத கருதுகோள்தான். இருந்தாலும், மறுமை, அரசாட்சி என்றெல்லாம் போகாமல் இழப்பிலிருந்து தொடங்கும் விளக்கம் என்பதால் எனக்கு இது நெருக்கமாக இருக்கிறது.

உலர்த்துதலின் பலவீனமும் இங்கேயே தெரிகிறது. ஏழாயிரம் ஆண்டு தாங்கிய சின்சோரோ உடல்களில் சில, அரிக்கா நகரத்து அருங்காட்சியகத்தில் அண்மைக்காலமாகக் கறுத்துப் பிசுபிசுக்கத் தொடங்கின. ஹார்வர்டின் ரால்ஃப் மிட்செல் குழு ஆராய்ந்து 2015ல் காரணத்தைச் சொன்னது. காற்றில் ஈரப்பதம் கூடியதால், மனிதத் தோலில் சாதாரணமாகவே வாழும் பாக்டீரியாக்கள் பெருகி அந்தத் தோலைத் தின்கின்றன. எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேசுக்கும் இதே கதிதான். கெய்ரோவில் வைத்திருந்த அவருடைய உடலில் பூஞ்சை பிடித்து, 1976ல் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காமா கதிர்வீச்சால் கிருமி நீக்கினார்கள். உலர்ந்த உடல் ஈரம் படாதவரை தானாகவே நிற்கும். ஈரம் பட்டால் சிதைவு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புகையில் உலர்த்துவது இதன் கிளை. பிலிப்பைன்சின் காபயான் மலைப்பகுதியில் இபலோய் மக்கள் உடலை உட்காரவைத்து, அடியில் நெருப்பு மூட்டி, வாரக் கணக்கில் புகையூட்டினார்கள். பாலைவனம் இல்லாத ஈர நாட்டில் உலர்த்த அவர்கள் கண்ட வழி அது.

உறைதல்

அறிவியலுக்காக என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, உறைந்த உடல்தான் முதலிடம். 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் மலையேறிகள் இருவர் கண்ட ஓட்சி, 5,300 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். அவர் உடலில் 61 பச்சைக் குறிகளை எண்ணியிருக்கிறார்கள். கடைசியாகச் சாப்பிட்டது மலையாட்டு இறைச்சியும் மானிறைச்சியும் பழங்காலக் கோதுமையும் என்று தெரிகிறது. இரைப்பையில் இருந்த பாக்டீரியாவின் மரபணுவையே பிரித்துப் படித்துவிட்டார்கள். இடது தோளில் அம்புமுனை இருப்பது பத்து ஆண்டு கழித்து, 2001ல்தான் தெரியவந்தது. உறுப்புகளை அகற்றியிருந்தால், தோலைப் பிசினால் மூடியிருந்தால் இதில் பாதி தெரிந்திருக்காது.

அர்ஜென்டினாவின் யூயையாக்கோ எரிமலையில் 1999ல் கிடைத்த மூன்று இன்காக் குழந்தைகளின் விஷயம் இன்னும் கனமானது. 6,739 மீட்டர் உயர மலையின் உச்சிக்கு அருகில் ஐந்நூறு ஆண்டுகளாக உறைந்து கிடந்தவர்கள். மூவரில் மூத்தவள் பதின்வயதின் தொடக்கத்தில் இருந்தவள். அவளுடைய நீண்ட தலைமுடியை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்ததில், கடைசி ஓராண்டில் அவளுக்குக் கொடுத்த கோகா இலையும் சோள மதுவும் எப்படிக் கூடிக்கொண்டே போயின என்பது தெரிந்தது. ஒரு குழந்தையைப் பலிக்குத் தயார்ப்படுத்திய காலவரிசை அவள் முடியில் எழுதப்பட்டிருக்கிறது. படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. இந்த அளவு தகவலை உலர்ந்த மம்மியோ சதுப்பு மம்மியோ தருவது மிக அரிது.

சரி, குறை என்ன? பராமரிப்பு. ஓட்சியை இத்தாலியின் போல்சானோ நகரில் மைனஸ் 6 டிகிரியிலும் 99 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது கிருமி நீக்கிய நீரைத் தெளித்து உடல்மேல் மெல்லிய பனிப்படலம் உருவாக்குகிறார்கள், இல்லையென்றால் உறைந்த உடலும் மெல்ல மெல்ல ஈரத்தை இழந்துவிடும். இன்காக் குழந்தைகள் சால்ட்டா நகரில் மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறார்கள். மின்சாரம், மாற்று ஏற்பாடு, காவல் என்று ஒரு நாள்கூட விடுப்பில்லாத வேலை. அல்தாய் மலையின் உக்கோக் பீடபூமியில் 1993ல் எடுத்த பெண்ணின் உடல், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு பனிக்குள் தாக்குப்பிடித்துவிட்டு, வெளியே வந்ததும் கெடத் தொடங்கியது. உறைபனி கொடுத்த வாழ்வு பனிக்குள் இருக்கும்வரைதான்.

கனடாவின் பீச்சி தீவில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஆர்க்டிக் கடலுக்குப் போன ஃபிராங்க்ளின் பயணக்குழுவின் மாலுமி ஜான் டாரிங்டன் 1846ன் முதல் நாளில் இறந்து உறைநிலத்தில் புதைக்கப்பட்டவர். 1984ல் ஆய்வாளர் ஓவன் பீட்டியின் குழு கல்லறையைத் திறந்து, மாதிரிகளை எடுத்து, பரிசோதித்துவிட்டு, அவரை அதே குழியில் திரும்ப வைத்தது. திசுக்களில் ஈயம் அதிகம் இருந்தது தெரிந்தது. அறிவும் கிடைத்தது, உடலும் அதன் பனிக்கே திரும்பியது, குளிர்ப்பெட்டியும் தேவைப்படவில்லை. உறைந்த உடலைக் கண்டெடுப்பவர்கள் முன்னால் இருக்கும் மிகச் சிறந்த தேர்வு இதுதான் என்று நான் நினைக்கிறேன். காட்சிப்பெட்டி நிரம்ப வேண்டும் என்ற ஆசையால் அது பெரும்பாலும் நடப்பதில்லை.

சதுப்பு

முகம்தான் வேண்டும் என்றால் சதுப்பைப் போல எதுவும் இல்லை. டென்மார்க்கில் 1950 மே மாதம், எரிபொருளுக்காகச் சதுப்பு மண்ணை வெட்டியவர்கள் டோலுண்ட் மனிதனைக் கண்டதும் அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறையைக் கூப்பிட்டார்கள். தாடையில் மயிர்க்கால்கள், நெற்றியில் சுருக்கம், மூடிய கண்கள், கழுத்தில் தோல் கயிறு. அவர் இறந்து 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைச் செய்வது ஸ்பாக்னம் என்ற பாசி. அது வளரும் சதுப்பு நீர் அமிலத்தன்மை கொண்டது, குளிர்ந்தது, ஆக்சிஜன் இல்லாதது. பாசி மடியும்போது வெளியாகும் ஒரு சர்க்கரைப் பொருள் தோலைப் பதனிட்டுவிடும், தோல் தொழிற்சாலையில் மாட்டுத்தோலுக்கு நடப்பதுபோலவே. தோல் கரும்பழுப்பாகவும் தலைமுடி செம்மையாகவும் மாறுவது அதனால். ஆனால் அதே அமிலம் எலும்பின் கால்சியத்தைக் கரைத்துவிடுகிறது, மரபணுவையும் சிதைத்துவிடுகிறது. சில சதுப்பு உடல்களில் எலும்பு மெத்தென்று வளைகிறது. முகத்தைப் பார்த்தால் பேசிவிடுவார் போல இருக்கும், ஆனால் அவர் எந்தக் குடும்பம், எந்த வழி என்று கேட்டால் பதில் வருவது கடினம்.

எடுத்த பிறகு என்ன செய்வது என்பதில் டென்மார்க்கே இரண்டு வழிகளை முயன்றது. டோலுண்ட் மனிதனின் தலையை மட்டும் மெழுகு ஏற்றிப் பாதுகாத்தார்கள். உடலின் பெரும்பகுதி காய்ந்து வீணாகியது. இன்று சில்கபோர்க் நகர அருங்காட்சியகத்தில் தலைக்குக் கீழே காண்பது பிற்காலத்தில் செய்து சேர்த்த உடல். இரண்டு ஆண்டு கழித்து 1952ல் கிடைத்த கிராவ்பால மனிதனுக்கு வேறு முடிவு எடுத்தார்கள். சதுப்பு தொடங்கிய பதனிடுதலை ஓக் மரப்பட்டைச் சாற்றில் ஒன்றரை ஆண்டு ஊறவைத்து முடித்தார்கள். அந்த உடல் முழுதாக நிற்கிறது. இயற்கை எந்த வழியில் காப்பாற்றியதோ அதையே நீட்டிப்பதுதான் சரி என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைக்காது.

மருந்தும் மூடிய அறையும்

சீனாவின் மாவாங்டுயில் 1972ல் வெளியே வந்த ஷின் ஜுய் சீமாட்டியின் உடல் தனி வகை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இறந்தவர். ஆழத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பெட்டிகள், இருபது அடுக்குப் பட்டு, சுற்றிலும் கரியும் வெண்களிமண்ணும் இறுக அடைத்திருந்தன. தோல் மிருதுவாக இருந்தது, கைகால் மூட்டுகளை மடக்க முடிந்தது, வயிற்றுப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட முலாம்பழ விதைகள் இருந்தன. உடல் ஒரு திரவத்தில் கிடந்தது. அழகான விளைவுதான். ஆனால் திரும்பச் செய்யத் தேவையான செய்முறை யாரிடமும் இல்லை. தேர்வுப் பட்டியலில் இதை வைக்க முடியாது.

செய்முறை கையில் இருப்பது சிசிலியில். பலெர்மோவின் கபுச்சின் துறவிகள் 1599 முதல் நிலவறையில் உடல்களை உலர்த்தி வந்தார்கள். அங்கே 1920 டிசம்பரில் வந்தவள் ரொசாலியா லொம்பார்தோ, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. அல்ஃபிரேடோ சலாஃபியா என்ற பதனக்காரர் அவளுடைய இரத்தக்குழாய்க்குள் ஒரு கலவையைச் செலுத்தினார். அதில் என்ன இருந்தது என்பது அவருடைய கையெழுத்துப் பிரதி மூலம் 2009ல் வெளியானது. ஃபார்மலின் பாக்டீரியாவைக் கொல்ல, ஆல்கஹால் உலர்த்த, கிளிசரின் அளவுக்கு மீறி உலராமல் தடுக்க, சாலிசிலிக் அமிலம் பூஞ்சையைத் தடுக்க, துத்தநாக உப்புகள் உடலுக்கு விறைப்புத் தர. எக்ஸ்ரே படங்களில் உறுப்புகளும் இருந்த இடத்திலேயே தெரிகின்றன. நூறு ஆண்டுக்குப் பிறகும் தூங்கும் குழந்தையாகவே இருக்கிறாள். மருந்து வழிகளில் எனக்குத் தெரிந்து இதைவிட நேர்த்தியான வேலை இல்லை. இன்று நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி துணைக்கு இருக்கிறது.

லெனின் உடல் இதற்கு நேர் எதிர்த் திசை. 1924 ஜனவரியில் இறந்தவரை உறைய வைக்கலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். அதற்குள் உடல் கெடத் தொடங்கவே, வரபியோவ், ஸ்பார்ஸ்கி என்ற இருவர் கிளிசரினும் பொட்டாசியம் அசிடேட்டும் கொண்ட முறையைக் கையாண்டார்கள். உடல் ஈரமாக, வளையும் தன்மையோடு இருக்கும். அதற்கு விலை, ஏறக்குறைய 16 டிகிரியில் வைத்து, வாரந்தோறும் கவனித்து, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை மருந்துத் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். 2016ல் இதற்காக ரஷ்ய அரசு ஒதுக்கியது 1 கோடியே 30 லட்சம் ரூபிள். அரசியல் மாறினால் இந்த வழி நிற்காது. செக்கோஸ்லோவாக்கியாவின் தலைவர் கோட்வால்ட் உடலை 1953ல் பாடம் செய்து, 1962ல் எரித்துவிட்டார்கள். பல்கேரியாவின் தலைவர் திமித்ரோவுக்கு 1990ல் அதே முடிவு.

பிளாஸ்டினேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் உடற்கூறியலாளர் குந்தர் ஃபான் ஹாகன்ஸ் 1977ல் உருவாக்கியது. குளிர்ந்த அசிட்டோனால் தண்ணீரை வெளியேற்றி, வெற்றிடத்தில் அசிட்டோன் ஆவியாகும்போது அந்த இடத்தில் சிலிக்கோனை ஏற்றுவார்கள். முழு உடலுக்குச் சுமார் 1,500 மணி நேர வேலை. மணம் கிடையாது, கையால் தொடலாம், குளிர்சாதனம் வேண்டாம். தசை, நரம்பு, இரத்தக்குழாய் என்று மாணவர்கள் பார்த்துக் கற்க இதற்கு நிகர் இல்லை. அந்த மனிதரின் முகச்சாயல் மட்டும் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் தோலை உரித்துத்தான் காட்டுவார்கள்.

யாருடைய முடிவு?

வேதியியலைவிட இந்தக் கேள்வி எனக்கு முக்கியம். ஜப்பானின் யமகாதா மலைகளில் சில துறவிகள் ஆண்டுக்கணக்கில் தானியம் விட்டு, கொட்டைகளும் மரப்பட்டையும் தின்று, உடலின் கொழுப்பைக் கரைத்துவிட்டு, உயிரோடு நிலவறைக்குள் போய் அமர்ந்தார்கள். 1783ல் அப்படி அமர்ந்த ஷின்யோகாய் துறவியின் உடல் இன்றும் வணக்கத்தில் இருக்கிறது. ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம், அது அவர்களே எடுத்த முடிவு. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தமும் 1832ல் இறக்குமுன் தன் உடலைப் பாதுகாத்துக் காட்சிக்கு வைக்கச் சொல்லி உயில் எழுதினார். தலையைக் கந்தக அமிலத்தின் உதவியால் உலர்த்தியபோது முகம் கோரமாகிவிட்டது, அதனால் மெழுகுத் தலை பொருத்தினார்கள். முகத்துக்கு அதிவேக உலர்த்தல் கூடாது என்பதற்கு அவரே சாட்சி. இருந்தாலும் அவர் விருப்பம் நிறைவேறியது.

வியட்நாம் தலைவர் ஹோ சி மின் தன்னை எரிக்கச் சொல்லி எழுதியிருந்தார். உடல் இன்று ஹனோயில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மெக்சிகோவின் குவானஜுவாத்தோவில் கல்லறை வரி கட்டாத குடும்பங்களின் உடல்களை 1865 முதல் தோண்டி எடுத்தார்கள். வறண்ட சுவர்க்குழிகளில் தானாகவே உலர்ந்திருந்த அவை பிறகு காட்சிப் பொருளாயின. 2008ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி நிறுவனம், தான் காட்டும் உடல்கள் எந்தச் சூழ்நிலையில் இறந்தவர்களுடையவை என்று உறுதி சொல்ல முடியாது என்பதை வாசலிலேயே அறிவிக்க வேண்டிவந்தது. எவ்வளவு நேர்த்தியாகப் பாதுகாத்தாலும், இவற்றை நல்ல உதாரணமாக என்னால் சொல்ல முடியாது.

ஆகவே என் தேர்வு இப்படி. தன் உடல் மாணவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பவர் பிளாஸ்டினேஷனை யோசிக்கலாம். குடும்பத்தார் முகம் பார்க்க வேண்டும், அதுவும் சில வாரம்தான் என்றால் சாதாரண ஃபார்மலின் பாடம் செய்தலே போதும். நூற்றாண்டுக் கணக்கில் முகம் நிற்க வேண்டும் என்பவருக்குச் சலாஃபியா வழி. பராமரிக்க ஆளே இருக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் உப்பில் உலர்த்திய உடலும் வறண்ட இடமும் மற்ற எல்லாவற்றையும் வெல்லும். 2011ல் பிரிட்டனில் புற்றுநோயால் இறந்த ஒரு டாக்சி ஓட்டுநர், எகிப்திய முறையைத் தன் உடலில் சோதிக்கத் தானே முன்வந்து ஒப்புதல் தந்தார். அப்படியும் ஒருவர் முடிவெடுக்க முடியும். அருங்காட்சியகங்களுக்கோ, உடல் எந்தச் சூழலில் தப்பியதோ அந்தச் சூழலைத் தர முடியாவிட்டால் எடுக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

தன் உடலைப் பற்றி எழுதி வைப்பவர்கள் முறையின் பெயரோடு நிறுத்தக்கூடாது. பொதுமக்கள் பார்க்கலாமா, மரபணுப் பரிசோதனை செய்யலாமா, அதன் முடிவுகளை வெளியிடலாமா என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அது பிள்ளைகளின் மரபணுவும்தான். பாதுகாக்கும் நிறுவனம் மூடிவிட்டாலோ பணம் நின்றுவிட்டாலோ உடலைப் புதைக்க வேண்டுமா எரிக்க வேண்டுமா, அதை யார் செய்வது என்பதற்கும் தனியாக ஒரு வரி வேண்டும்.